மூடி போட்ட மணிக்கூடு

1942 செப்டெம்பர் 9, புதன்கிழமை.
இன்றைய தவறு: ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு பெண் மணி என்ன என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.
நாளைய வேலை: பெரிய கிளார்க் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்பது.

நாகமணி இதை எழுதி, மை காயும்வரை காத்திருந்து, மறுபடி ஒருமுறை வாசித்தான். தவறு ஒன்று, வேலை ஒன்று. அதற்கு மேல் எழுதக்கூடாது, குறைத்தும் எழுதக்கூடாது. கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பு நடத்திய செல்லையா மாஸ்டர் போட்ட விதி அது. எழுத்து வேலைக்கு வருகிறவன் முதலில் தன் பிழையை எழுதிப் பழகவேண்டும் என்பது அவருடைய கொள்கை. மற்ற மாணவர்கள் வாரத்துக்கு ஒருமுறை ஏழு தவறுகளை ஒரே இருப்பில் கற்பனை செய்து எழுதிக்கொண்டு வந்தார்கள். நாகமணிக்குக் கற்பனை தேவைப்படவில்லை. ஒரு நாளின் தவறுகளில் எதை விடுவது என்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

வயது இருபத்திரண்டு. அரிசிக்குக் கூப்பன் புத்தகம் கொடுக்கும் அரசாங்க அலுவலகமான கிழக்குப் பிரிவுக் கூப்பன் கந்தோரில் தற்காலிகக் கிளார்க். செப்டெம்பர் முடிவதற்குள் உத்தியோகம் உறுதியாகும், அல்லது ஆகாது. ஆகாவிட்டால் அவனும், அவனோடு குடியிருந்த அக்கா அருள்நாயகியும் என்ன செய்வது என்பதை அவன் டயறியில் எழுதவில்லை. அது தவறுமல்ல, நாளைய வேலையுமல்ல.

அவன் பார்த்து மணி சொன்ன மணிக்கூடு, அக்காவின் புருஷனான அத்தானுடையது. அத்தான் ரயில் கார்டாக இருந்து, தெமட்டகொடை யார்டில் வேலை பார்த்து, முந்திய வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். வெள்ளி மூடி, வெள்ளிச் சங்கிலி, எட்டு நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்தும் ஒழுக்கம். "அது உன்னைவிட ஒழுங்கு. போட்டுக்கொண்டு போ, பாத்துப் பழகு," என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

பொக்கற் மணிக்கூடு போட வெய்ஸ்கோட் வேண்டும். நாகமணியிடம் இருந்தது இரண்டு வெள்ளைச் சட்டை. ஆகவே சங்கிலியை இரண்டாவது பொத்தான் துளையில் மாட்டி, மணிக்கூட்டை நெஞ்சுப் பையில் வைத்தான். பாரத்தில் சட்டை இடப்பக்கம் இறங்கும். மத்தியானத்துக்குள் ஆளே ஒரு பக்கம் சரிந்தவன் போலத் தெரிவான். ஊரெல்லாம் கைமணிக்கூடு கட்டத் தொடங்கிவிட்ட காலம். கையைத் திருப்பினால் அவர்களுக்கு மணி தெரிந்துவிடும். இவனுக்கு இரண்டு கை வேண்டும்: ஒன்று வெளியே எடுக்க, ஒன்று திருகைப் பிடித்து அமுக்க. அப்போது மூடி 'டிக்' என்று திறக்கும். ட்ராம் காரில் தொங்கிக்கொண்டு போகையில் இரண்டு கையையும் விட்டு மணி பார்த்து, பக்கத்திலிருந்தவரின் மடியில் ஒருநாள் உட்கார்ந்தும் இருக்கிறான்.

"கார்ட் ஐயா, கொடியக் காட்டுங்க, போவம்," என்பார்கள் கிராண்ட்பாஸ் ட்ராமில். அவன் சிரித்து வைப்பான். சிரித்தது போதுமா என்று இறங்கிய பிறகு யோசிப்பான்.

அந்த மாதம் முதலாம் தேதி, யுத்தத்தை முன்னிட்டு அரசாங்கம் இலங்கை முழுவதும் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியது. ஜனவரியில் ஒருமுறை தள்ளியாயிற்று, இது இரண்டாவது. நாகமணி அன்று விடியவே கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு நடந்துபோய், அதைப் பார்த்துத் தன்னுடையதைத் திருத்திக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கந்தோர் வாசலில் நின்றான். கந்தோர் பூட்டிக் கிடந்தது. ஒன்பதரைக்குப் பியோன் மஜீட் வந்து திறந்தார். உள்ளே சுவர் மணிக்கூடு ஒன்பது காட்டியது.

"மஜீட் நானா, மணிக்கூட்டைத் தள்ளேல்லையோ?"

"நான் சாவி குடுக்கிற ஆள், தம்பி. முள்ளத் தொட எனக்கு ஓடர் இல்ல."

"அப்ப ஆர் தொடுறது?"

"ஜனவரில தொட்டவரு ஏப்ரல் மாசம் குண்டு விழுந்த அண்டைக்குக் களனிப் பக்கம் போனாரு. இன்னம் வரல்ல."

அவருக்குப் பதில் வேறொருவரை நியமிக்க முடியவில்லை. பதவி வெற்றிடமானால்தான் நியமிக்கலாம். அவர் லீவும் கேட்கவில்லை, விலகவும் இல்லை, இறந்ததாக அறிவிக்கவும் இல்லை. எனவே காகிதத்தில் அவர் இன்னும் முள்ளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய கிளார்க் சுந்தரலிங்கம் வெள்ளவத்தையில் குடியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர். கோட்டையில் பிடிக்கவேண்டிய ரயில் புதிய நேரத்தில் ஓடியது. ஆகவே கூப்பன் ஜன்னலைத் திறப்பது சுவர் மணிக்கூட்டின்படியும், சாத்துவது அவருடைய கைமணிக்கூட்டின்படியும் என்று ஆயிற்று. வெளியே பலகையில் 'பத்து முதல் பன்னிரண்டு வரை' என்று எழுதியிருந்தது. சனம் பத்துக்கு வந்து வெயிலில் நிற்கும், பத்தரைக்கு ஜன்னல் திறக்கும், பன்னிரண்டுக்கு மூடும். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. நல்ல நிர்வாகம் அப்படித்தான், தானாக அமையும்.

ஒன்பதாம் தேதி ஜன்னலடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இராமலெட்சுமி நின்றாள். கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஸ்டோரில் தூள் புடைக்கிறவள். இரண்டு பிள்ளைகள். கூரை ஒழுகி அவளுடைய கூப்பன் புத்தகம் நனைந்து, பெயரெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்குள் புதியது எடுக்காவிட்டால் அடுத்த மாதம் முழுக்க அவர்களுக்கு அரிசி இல்லை. மூன்றாவது நாளாக வந்து நிற்கிறாள். முன்னால் இருபது பேர்.

"ஐயா, அந்தச் சங்கிலிக்கு அந்தாண்ட மணிக்கூடு இருக்குங்களா, இல்ல சும்மா தொங்குதுங்களா?"

"இருக்கு," என்றான் நாகமணி.

"அப்ப மணி என்னான்னு பாத்துச் சொல்லுங்க. பதினொண்ணுக்கு நான் ஸ்டோர்ல நிக்கணும். கங்காணி கேட்டைச் சாத்திப்புட்டாருன்னா அரப்பேரு, அர நாள் கூலி, போயிரும்."

அவன் எடுத்தான். திறந்தான். "பத்து இருபத்தைஞ்சு."

அவள் கம்பிக்குள்ளால் சுவரைப் பார்த்தாள். "அங்கிட்டு இன்னும் பத்தே ஆவலீங்களே."

"அது பழைய நேரம்."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப நாங்க நிக்கிறது பழைய நேரத்திலயா?"

"நிக்கிறது பழசு. சாத்திறது புதுசு," என்றாள் குடை பிடித்த ஒருத்தி. "நேத்து என்ட மூஞ்சிலதானே சாத்தின."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கூப்பன் கந்தோர் வாசலில் சிரிப்புக் கேட்பது அதுவே முதல் தடவை என்பதால் பெரிய கிளார்க் எழுந்து வந்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன நாகமணியை அவர் நிற்கவைத்தே கதைத்தார்.

"தம்பி, நேற்று நீர் ஆருக்கு மணி சொன்னனீர்?"

"ஒரு மனிசி கேட்டவ, ஐயா."

"கேட்டாச் சொல்லுறதோ? உம்மட்டை அரிசி கேட்டா அரிசி குடுப்பீரோ?"

"இல்லை, ஐயா."

"அப்ப மணி மட்டும் என்ன, உம்மடை சொத்தோ?"

"மணிக்கூடு எங்கடை அத்தான்ரை, ஐயா."

"மணிக்கூடு உங்கடையா இருக்கலாம். அதுக்குள்ளை இருக்கிற நேரம் அரசாங்கத்தின்ரை."

 அது சரியாகவும் இருக்கலாம் என்று நாகமணிக்குப் பட்டது. நேரத்தை அரசாங்கம்தானே தள்ளியது. தன்னுடையது அல்லாததை யாராவது தள்ளுவார்களா?

அன்று பின்னேரமே விளக்கம் கோரும் கடிதம் வந்தது. யுத்த காலத்தில், உத்தியோக அதிகாரமின்றி, வெளியாருக்கு நேரத்தை வெளியிட்டமைக்குக் காரணம் காட்டும்படி அதில் கேட்டிருந்தது. கீழே கையெழுத்தும் தேதியும் இருந்தன. நேரம் எழுதும் இடம் ஜாக்கிரதையாக வெறுமையாக விடப்பட்டிருந்தது. நாகமணி மூன்று பக்கத்தில் பதில் எழுதினான். முதல் பக்கத்தில் தான் செய்தது தவறு என்றும், இரண்டாம் பக்கத்தில் ஏன் தவறு என்றும், மூன்றாம் பக்கத்தில் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்கலாம் என்றும் எழுதினான்.

அதன் பின் மணிக்கூட்டைப் பதிவு செய்யவேண்டும் என்றார்கள். அதற்குப் படிவம் இல்லாததால் சைக்கிள் பதிவுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். சில்லு, அதாவது சக்கரம், எத்தனை என்ற கேள்விக்கு நாகமணி மூடியைக் கழற்றி எண்ணிப் பார்த்து உண்மையை எழுதினான். விளக்கு உண்டா என்பதற்கு 'இல்லை' என்றான். விளக்கில்லாமல் இரவில் கொண்டுபோனால் குற்றம் என்று எச்சரித்து, பதிவு செய்தார்கள்.

பிறகு, கந்தோர் நேரத்தில் மணிக்கூட்டை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, பெரிய கிளார்க்கின் மேசை லாச்சிக்குள் வைக்கவேண்டும் என்று கட்டளை பிறந்தது. காலையில் ஒப்படைப்பான். மாலையில் முத்திரையை உடைத்து வாங்குவான். அரக்கு உறைக்குள் கசிந்து, பத்து நாளில் வெள்ளி மூடி முழுக்கச் சிவப்புப் புள்ளி. லாச்சிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. ஒரு கூப்பன் கிளார்க் எண்ணிக்கையைத் தவறவிட்டு, அதற்கு அந்தச் சத்தமே காரணம் என்றான். முத்திரையிட்ட ஒரு பொருள் உத்தியோக நேரத்தில் சத்தமிட்டதற்கு நாகமணி இன்னொரு விளக்கம் எழுதினான்.

"தம்பி, சாவி குடுக்காம வையுங்க. செத்துப் போகட்டும். பிரச்சினை முடிஞ்ச," என்றார் மஜீட், தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டே.

"நிண்டுபோனா அக்கா ஏசுவா, நானா."

"அக்காவுக்குப் பயம், ஐயாவுக்குப் பயம். மணிக்கூட்டுக்கு மட்டும் ஒத்தருக்கும் பயமில்ல, பாருங்க."

இதற்கிடையில் இராமலெட்சுமி இரண்டு தடவை வந்து போனாள். இரண்டு தடவையும் அவளுடைய முறை வருமுன் பதினொன்று கிட்டியது. இப்போது அவள் மணி கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பையனுக்கு வினை என்று வரிசையில் சொல்லிக்கொண்டார்கள். கோயில் மணிச் சத்தம் கேட்டால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டோரை நோக்கி ஓடினாள்.

இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை, விசாரணை. பெரிய துரை நடுவில் இருந்தார். மாதத்துக்கு ஒருநாள் கையெழுத்துப் போட வருகிற வெள்ளைக்காரர். பழுத்த முகம், நல்ல மனிதர் என்று பெயர். கோபப்படுவதற்கு ஒரு விஷயம் விளங்கியிருக்க வேண்டும் என்பதால் அவர் கோபப்பட்டதேயில்லை. நேரத்தைப் பெற்றுக்கொண்டவள் என்ற முறையில் இராமலெட்சுமியையும் ஆளனுப்பி அழைத்திருந்தார்கள். அன்று அவளுக்கு முழுப்பேரும் போயிற்று.

பெரிய கிளார்க் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் அது இவ்வளவு:

"கனம் துரை அவர்களே, இந்தக் கந்தோரின் அத்திவாரம் வரிசை. வரிசையின் அத்திவாரம் பொறுமை. ஒருவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாதவரையில்தான் அவன் பொறுமையாக நிற்பான். இருபத்தாறு வருஷ சேவையில் நான் கண்ட உண்மை இது. அரிசியை நாம் அளந்து கொடுக்கிறோம். ஒருவரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அளவு நம்முடைய கையில். நேரத்தை அவர்களே அளக்கத் தொடங்கினால், நாளை அரிசியையும் அளந்து பார்ப்பார்கள். அதன் பிறகு நாம் எதற்கு?"

துரை தலையசைத்தார். கடைசிக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போலும்.

சாட்சியை விசாரித்தார்கள். "உனக்கு மணி பார்க்கத் தெரியுமோ?" என்றார் பெரிய கிளார்க்.

"தெரியாதுங்க. கேக்கத்தான் தெரியும்."

"தெரியாத ஒண்டை ஏன் கேட்டனீ?"

"தெரியாததத்தானுங்களே கேப்பாங்க."

இது ஆங்கிலத்தில், "சாட்சி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள்," என்று போயிற்று.

பதிவுப் புத்தகத்தில் எழுதுவதற்காகத் துரை, இப்போது மணி என்ன என்று கேட்டார்.

 சுவர் மணிக்கூடு பத்தே கால் காட்டியது. பெரிய கிளார்க்கின் இடது கை மெல்ல மேசைக்கடியில் போயிற்று. சுவரில் உள்ளதைச் சொன்னால் அரசாங்கத்தின் நேரத்தை மறுத்ததாகும். கையில் உள்ளதைச் சொன்னால் பதினெட்டு வேலை நாளாகச் சனத்தை அரை மணி வெயிலில் வைத்ததாகும். இருபத்தாறு வருஷ சேவையில் முதல்முறையாக, ஒரு கேள்வியைக் கேட்டதும் அவர் வலது கையால் கடதாசிகளைப் புரட்டத் தொடங்கினார்.

துரை நாகமணியைப் பார்த்தார். "உன்னிடம் ஏதோ இருக்கிறதாமே?"

சொன்னால் அதே குற்றம் இரண்டாம் தடவை. சொல்லாவிட்டால் துரைக்குக் கீழ்ப்படியாமை.  நாகமணி உறையைக் கொண்டுவரச் செய்து, முத்திரையை உடைத்து, மணிக்கூட்டைத் திறந்து, ஒன்றும் பேசாமல் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினான். பிறகு மூடினான். 'டிக்.'

துரையின் முகம் குழந்தை முகமாயிற்று. "இன்னொருமுறை," என்றார். அவன் திறந்தான், மூடினான். அவர் அதை வாங்கித் தாமே நாலைந்து தடவை திறந்து மூடினார். தமது தகப்பனாரிடம் இப்படியொன்று இருந்தது என்றார். கைமணிக்கூடு பெண்களுக்கும் சிப்பாய்களுக்கும் உரியது என்றார். பெரிய கிளார்க்கின் இடது கை இன்னும் உள்ளே போயிற்று.

"இதன் மேன்மை எங்கே இருக்கிறது, தெரியுமா?" என்று துரை எல்லோரையும் கேட்டு, தாமே சொன்னார். "சுவரில் தொங்குவதை வீதியில் போகிறவனும் பார்க்கலாம். கையில் கட்டுவதைப் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கலாம். இதற்கு மூடி இருக்கிறது. வேண்டியபோது நாம் திறப்போம். மற்ற வேளையில் அது மூடியே இருக்கும். நேரம் என்றால் இப்படி இருக்கவேண்டும். ஒரு நிர்வாகமும் அப்படித்தான்."

அவர் சொன்னதிலெல்லாம் விளங்கிச் சொன்னது இது ஒன்றுதான்.

தீர்ப்பைப் பெரிய கிளார்க்கே எழுதி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய குரல் பழைய நிலைக்கு வந்தது. சுவர் மணிக்கூடு யுத்தகால ஒளியடைப்புக் கறுப்புத் துணியால் மூடப்படும். ஜன்னல் முன்போல அதன்படியே திறக்கப்படும். துணியைத் தூக்கிப் பார்த்துச் சொல்வது பியோனின் பொறுப்பு. ஜன்னலைச் சாத்துவது இனிமேல் நாகமணியின் பொக்கற் மணிக்கூட்டின்படி, சாத்துவதும் அவனே. அந்த மணிக்கூடு அரசாங்க சேவையில் இருப்பதாகக் கொள்ளப்படும். அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் தற்காலிகமாக இருக்கமுடியாது என்பதால், நாகமணியின் உத்தியோகம் இன்றுமுதல் உறுதி செய்யப்படுகிறது. முறையற்று நேரம் பெற்றுக்கொண்ட இராமலெட்சுமி வரிசையில் நியாயமற்ற அனுகூலம் அடைந்தவள்; ஆதலால் அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும்.

நாகமணி உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். பேனையிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்தது. துரை கைகுலுக்கினார்.

வெளியே விறாந்தையில் இராமலெட்சுமி காத்துக்கொண்டு நின்றாள். தீர்ப்பை மஜீட் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

"நாளைக்குத்தான் கடைசி நாளுங்களாமே. விடியக்காலமே வந்து கடைசியிலயே நிக்கிறேன். அதுக்கு என்னா," என்றாள். "நாளைக்கு எத்தினி பேரு வருவாங்க, ஐயா?"

நூற்றைம்பது பேர் வருவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அறுபது பேருக்கு மேல் ஒருநாளும் முடிந்ததில்லை. நாகமணி இரண்டையும் கணக்காக அறிந்தவன். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். மூடி மூடியிருந்தது.

"எனக்குத் தெரியாது, அம்மா," என்றான். சொல்லிவிட்டு, இனி இப்படித்தான் சொல்லவேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. "அது வெளியாருக்குச் சொல்லுறதில்லை."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியைப் பார்த்தாள். "இருக்குங்களே அது, சும்மா தொங்கல," என்றாள். போய்விட்டாள்.

வீட்டில் அக்கா கடிதத்தைச் சுவாமிப் படத்தடியில் வைத்துத் திருநீறு பூசினாள். பிறகு மணிக்கூட்டிலிருந்த அரக்குப் புள்ளிகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். "அத்தான் இருந்திருக்கவேணும். அவரின்ரை மணிக்கூடு அரசாங்க உத்தியோகம் பாக்குது," என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. நாகமணி சோற்றில் கொஞ்சம் மிச்சம் வைத்தான். அரிசித் தட்டுப்பாட்டில் மிச்சம் வைக்கலாமோ என்று அக்கா ஏசினாள். அவன் அதையும் சாப்பிட்டான்.

டயறியின் முந்திய பக்கங்களைச் செல்லையா மாஸ்டர் திருத்திக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் தேதிக் குறிப்பின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'தவறு சிறியது. திருந்தக்கூடியது. நடை நன்று.'

நாகமணி அதை வாசித்துவிட்டுப் பேனையை மையில் தொட்டான். பிறகு எழுதினான்.

1942 செப்டெம்பர் 24, வியாழக்கிழமை.
இன்றைய தவறு: உறுதிக் கடிதத்தில் ஒரு சொட்டு மை சிந்திவிட்டேன்.
நாளைய வேலை: சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்துவது. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. வீட்டிலிருந்து கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுபோகவேண்டும்.